ரொட்டிக்கால்

"நல்லா இருக்கிறவங்க எதுக்கும்மா மாத்திரை சாப்பிடணும்?"

மகள் அப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அம்மா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பொடி மாத்திரையை எடுத்து விழுங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அப்புறம் எதற்கு?

"தெம்புக்குடி," என்றாள் அம்மா. சொன்ன பிறகு, பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று கொஞ்ச நேரம் உறுத்தியது. "உனக்கொரு தம்பி வரணும்னா இன்னும் ரெண்டு வருஷம் போகணும், அதுவரைக்கும்தான்" என்பதை ஆறு வயசுக்கு எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. தள்ளித்தான் போட்டிருந்தார்கள். கணவன் எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பிச்சுருள் கட்டுகிறவன். அடுத்தவர் கடையில் செப்புக் கம்பி சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், அப்போதுதான் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டிருந்தான். "கடை கொஞ்சம் காலூன்றட்டும். அப்புறம் பெத்துக்கலாம்," என்றான். அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. முதல் பிள்ளையின் சின்னச் சட்டைகளைத் துவைத்து மடித்து, பூச்சி அரிக்காமல் ஒரு துணிப்பையில் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டு, அவள் ரொட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.

அங்கே அவளுக்குப் பெயர் சிட்டு. கை அவ்வளவு வேகம். வெட்டும் எந்திரத்திலிருந்து ரொட்டிகள் ஓடும் பட்டையின்மேல் வரிசையாக நகர்ந்து வரும். ஒரு கையால் உறையை ஊதி விரித்து, மறு கையால் ரொட்டி குலையாமல் உள்ளே தள்ளி, வாயை முறுக்கிக் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஆறவிட்டால் பின்னால் வருவது மேலே வந்து இடிக்கும். மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டே செய்கிற வேலை. நாற்காலி கேட்டதற்கு மேஸ்திரி ஒருமுறை சொன்னார், "உக்காந்தா கை தூங்கும்மா. நின்னாத்தான் ரொட்டி ஓடும்."

ரொட்டி ஓடியது. கால்கள்தான் ஓடவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லார் காலும் புளித்த மாவு மாதிரி பொங்கிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலெழும்பும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ரொட்டிக்கால். அது அங்கே ஒரு நோய் இல்லை, ஒரு பட்டம். புதிதாகச் சேர்ந்தவளுக்கு முதல் தடவை கால் வீங்கினால் எல்லாரும் கைதட்டி ஒரு இனிப்பு பன் வாங்கிக் கொடுப்பார்கள். "இப்பத்தான்டி நீ ரொட்டிக்காரி," என்பார்கள். அதற்குப் பிறகு காலைப் பற்றி யாராவது புலம்பினால், "என்ன, பன் திங்கிறப்ப இனிச்சுதா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்கள். இடைவேளையில் மாவு மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, ஒருத்தி காலை இன்னொருத்தி மடியில் வைத்து, மூட்டைத் துணியைக் கிழித்துக் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டிவிடுவது அங்கே வழக்கம்.

சிட்டுவின் காலைக் கட்டுகிறவள் ரேடியோ அக்கா. பேச ஆரம்பித்தால் அணைக்கத் திருகு கிடையாது என்பதால் அந்தப் பெயர்.

"ஏண்டி சிட்டு, இடது கால்தான் வீங்கியிருக்கு. வலது கால் என்ன, லீவா?"

"அது நாளைக்கு வரும்க்கா."

"ஒண்ணொண்ணா வருதா? எனக்கெல்லாம் ரெண்டும் ஜோடியாத்தான் வரும். புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"உங்க வீட்டுல ஜோடியா எங்கக்கா வர்றாங்க? அவரு முன்னால நடக்கிறாரு, நீங்க பின்னால கத்திக்கிட்டே வர்றீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ரேடியோ அக்காவும் சிரித்துக்கொண்டே துணியை இறுக்கினாள். கெண்டைச் சதையில் கை பட்டதும் சிட்டுவுக்கு உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். சதை கதகதவென்று சுட்டது. உலை வேக்காட்டில் நிற்கிறோம், சுடத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் மாத்திரை தீர்ந்தது. வாங்குகிற இடம் முக்குத் தெருவில் ஒரு பெண் டாக்டரின் கிளினிக். முதல் தடவை மட்டும் டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்து, நாடி பார்த்து, "ஒரு பிள்ளைதானே? சரி, இதைப் போடு," என்றார். அதற்கப்புறம் எல்லாம் ஜன்னல்தான். ஜன்னலுக்கு உள்ளே சிஸ்டர் இருப்பாள். நாற்பது வயதிருக்கும், வெளுத்த முகம், அதிர்ந்து பேசத் தெரியாதவள். பெட்டியைப் பிரித்து மாத்திரைப் பட்டையை மட்டும் நீட்டுவாள். பெட்டிகள் குப்பையில் சேர்ந்தால் தொல்லை என்று டாக்டரம்மா போட்ட ஏற்பாடு அது.

வரிசையில் பின்னால் ஆள் நின்றது. சிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சிஸ்டர், இடது காலு மட்டும் வீங்குது. பின்சதை இழுத்துப் பிடிக்குது. ராத்திரி தூங்க முடியல."

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தாள். பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே திரைக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"ரொட்டிக் கம்பெனிதானே? ரொட்டிக்கால்தானாம். தலைகாணி வச்சு உயரமாப் போட்டுப் படுங்க," என்று பட்டையை நீட்டினாள்.

தங்கள் சொந்தச் சொல்லையே கிளினிக்கும் சொன்னதும் சிட்டுவுக்கு மனசு லேசாகிவிட்டது. நாம்தான் பெரிதுபடுத்தினோம் என்று வெட்கம்கூட வந்தது.

மழை பெய்த ஒரு காலையில் அவள் மேசையில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சில் கத்தி இறங்கியது மாதிரி ஒரு குத்து. மூச்சை இழுத்தாள். பாதிதான் வந்தது. கையிலிருந்த உறை காற்றில் மிதந்து கீழே போனது. "அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்தது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம். ரேடியோ அக்கா அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு எந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். மேஸ்திரி ஓடிவந்து நிறுத்துகிறவரை ரொட்டிகள் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாக அவர்கள்மேல் விழுந்துகொண்டே இருந்தன.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர். நிதானமாக விளக்கினார். காலில் உறைந்த ரத்தம் ஒரு துண்டு பிய்ந்து மேலே போய் நுரையீரல் குழாயை அடைத்துவிட்டது. பிழைத்ததே பெரிது.

"கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடுறீங்களா?"

கணவன்தான் தலையாட்டினான்.

"உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி ரத்தம் உறைஞ்சிருக்கா?"

ஆக்ஸிஜன் மூடிக்குள்ளிருந்து அவள் மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மா. நான் சின்னப் பிள்ளையா இருக்கிறப்ப. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாங்க. கால் வீங்கிச்சு. பாத்ரூம் போக எந்திரிச்சவங்க அப்படியே விழுந்து போயிட்டாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "மாத்திரை குடுத்தப்ப இதை யாரும் கேக்கலையா?"

"கேக்கல சார்."

"மாத்திரை மட்டும்தான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. நாள் முழுக்க அசையாம நிக்கிற வேலை, உங்க குடும்ப உடம்பு, அதுக்கு மேல மாத்திரை. மூணும் சேர்ந்துடுச்சு. ஆனா உங்களுக்கு அந்த மாத்திரையைக் குடுத்திருக்கவே கூடாது."

வீட்டுக்கு வந்தாள். மாதங்கள் போயும் மூச்சு திரும்பவில்லை. படுக்கையிலிருந்து அடுப்படிவரை நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலின் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிவிட்டன என்றார் அதே டாக்டர். இனிமேல் நின்று செய்கிற வேலை வேண்டாம் என்றார். அப்புறம், கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு, இனிமேல் பிள்ளை கூடாது என்றார். உண்டானால் தாய் தாங்க மாட்டாள்.

வெளியே வந்து இருவரும் ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவன் செருப்பின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம்னு நான்தான் சொன்னேன்," என்றான்.

"நானும்தான் சரின்னேன்."

"கடை காலூன்றட்டும்னேன்."

"விடுங்க."

"எப்படி விடறது? மோட்டார் எரிஞ்சு வந்தா, புதுக் கம்பி சுத்துறதுக்கு முந்தி எதனால எரிஞ்சுதுன்னு பாப்பேன். பாக்காம சுத்தினா மறுபடி எரியும். இங்க யாரும் பாக்கவே இல்லையே."

அப்படித்தான் அவர்கள் வக்கீலிடம் போனது. வக்கீல் வயதானவர், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அறை. பாதிப் படியில் அவள் மூச்சுவாங்கிக் கைப்பிடியைப் பிடித்து நிற்பதை எட்டிப் பார்த்தவர், "ஏறாதீங்கம்மா, நான் வர்றேன்," என்று இருமிக்கொண்டே இறங்கி வந்தார். செருப்புக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல், அளவு பார்க்கிற பெஞ்சை ஒழித்துக் கொடுத்தார். செருப்புப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வக்கீல் எல்லாவற்றையும் கேட்டார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வழக்கு ஜெயிச்சாலும் நுரையீரல் திரும்ப வராது. அதை மனசுல வச்சுக்கிட்டு மேல பேசுவோம்."

"மாத்திரை செஞ்ச கம்பெனி மேல போடலாமாய்யா?" என்றான் கணவன்.

"போடலாம். அவன் என்ன சொல்லுவான்? பெட்டிக்குள்ள காகிதம் வச்சிருக்கேன், ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா உடனே டாக்டரைப் பாருன்னு எழுதியிருக்கேன்னு சொல்லுவான். எழுதித்தான் இருக்கான், எறும்பு படிக்கிற எழுத்துல. எழுதிட்டதால அவனைப் பிடிக்கிறது கஷ்டம்."

"எங்களுக்குக் காகிதமே தரலைங்களே. பட்டைதான் தருவாங்க."

"அதனாலதான் கம்பெனியை விட்டுட்டு கிளினிக் மேல போடலாம்னு சொல்றேன். குடும்பத்துல யாருக்காவது இருந்துதான்னு கேக்காம குடுத்தது ஒரு தப்பு. காகிதத்தைக் குடுக்காதது இன்னொரு தப்பு. லட்சம் பொம்பளைங்க சாப்பிடுறாங்க, ஒண்ணும் ஆகலையேம்பாங்க. அதுவும் நிஜம்தான். யாருக்கு ஆகும்னு கேட்டுக் குடுக்கத்தானே டாக்டர் இருக்காரு? இல்லேன்னா மளிகைக் கடையில வித்துட்டுப் போகலாமே." இருமினார். "கால் வலின்னு நீங்க சொன்னப்புறமும் அதே பட்டையை நீட்டினாங்க பாருங்க, அதுதான் எல்லாத்துலயும் பெரிசு. நீங்க சொன்னதைக் கேட்டது யாரு?"

"சிஸ்டர்."

"வேற?"

வேறு யாரும் இல்லை. பின்னால் நின்றவள் யாரென்று தெரியாது.

"சரி. வழக்குக்குக் காலக்கெடு இருக்கு, அதுக்குள்ள போட்டாகணும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட எழுத்துல ஒரு அபிப்பிராயம் வாங்கிடுங்க. நடுவுல சமரசத்துக்குக் கூப்பிடுவாங்க. வாங்கிக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம், நான் அவசரப்படுத்த மாட்டேன். உங்களுக்கு என்னம்மா வேணும்? அதைச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "நஷ்டஈடு வேணாம்னு சொல்லலைங்க. மருந்துக்கே மாசாமாசம் ஆகுது. ஆனா, நான் சொன்னேன்னு அவங்க ஒத்துக்கணும்."

கிளினிக்கின் பதில் வந்தது. நோயாளி கால் வலியைப் பற்றி ஒருபோதும் தெரிவிக்கவில்லை. தன் உடம்பை அலட்சியப்படுத்தியது அவரேதான் என்று இருந்தது. கணவன் அதைப் படித்த வேகத்தில் கிளினிக்குக்குப் போனான். அவளும் மூச்சிரைக்கப் பின்னாலேயே போனாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் சிஸ்டரைப் பார்த்துக் கேட்டான்.

"உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? என் பொண்டாட்டி உங்கிட்ட சொன்னாளா இல்லையா?"

சிஸ்டர் நிமிரவே இல்லை. "எனக்கு ஞாபகம் இல்லைங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது. திரைக்குப் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மகளை முதலில் தூங்கவைத்துவிட்டு அவன் வந்து உட்கார்ந்தான்.

"கோவிச்சுக்காதே. ஒண்ணு கேக்கறேன். நீ நிஜமாவே சொன்னியா? இல்ல, சொல்லணும்னு நினைச்சுட்டு வந்துட்டியா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"இல்ல, உங்க கம்பெனியில காலைப் பத்திப் பேசுறதே அசிங்கம்பீங்களே. எங்கிட்டயே நீ சொன்னதில்ல. கேலி பண்ணுவாங்கன்னு முழுங்கிட்டியோன்னு..."

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. காரணம் தேடுகிறவன், எல்லாத் திருகையும் திருகிப் பார்க்கிறான். அது தெரிந்ததால்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது. கெட்டவன் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அதற்கப்புறம் அவளுக்கே சந்தேகம் பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் தனியாகப் படுத்துக் கிடந்து அந்த ஜன்னலைத் திரும்பத் திரும்ப நினைவில் கொண்டுவந்தாள். கம்பியின் குளிர்ச்சி ஞாபகம் இருந்தது. சிஸ்டரின் நெற்றியில் வேர்வை ஞாபகம் இருந்தது. தன் குரல் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. ஆண்டவனே, நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேனா என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். ஆண்டவனுக்குத் தெரியும், ஆனால் அவரை சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

விசாரணை நாளும் வந்தது. வக்கீலும் கணவனும் முன்னால் காகிதங்களோடு போய்விட, அவள் பின்தங்கி, நீண்ட நடைகூடத்தைச் சுவரோரமாகக் கடந்து வந்தாள். கோடியில் ஒரு பெஞ்சு. அதில் சிஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உடுப்பு இல்லாமல் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தாள். கையிலிருந்த கைக்குட்டை நூலாகிக்கொண்டிருந்தது.

உட்கார வேறு இடம் இல்லை. அவளால் அதற்கு மேல் நிற்கவும் முடியாது. பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி இரைந்தது. உதடு நீலம் பாரித்திருக்க வேண்டும். சிஸ்டர் சட்டென்று திரும்பி அவள் முதுகில் கை வைத்தாள்.

"நிமிராதீங்க. முன்னால சாயுங்க. முழங்கையை முட்டிமேல ஊனிக்குங்க. விளக்கை ஊதற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க. அவசரமே இல்ல. ம். இன்னொரு தடவை."

சொன்னபடி செய்தாள். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சிஸ்டரின் விரல் அவள் மணிக்கட்டில் நாடி எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்த பிறகுதான் யாருடைய கையைப் பிடித்திருக்கிறோம் என்று உணர்ந்தவள்போல விட்டுவிட்டாள்.

"சிஸ்டர்."

அவள் கைக்குட்டையிலிருந்து இன்னொரு நூலை உருவினாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவர் அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அப்படிக் கத்தினது தப்பு. அவருக்கு வருத்தம்தான். உள்ள நீங்க என்ன சொல்லணுமோ சொல்லிக்குங்க. உங்க பொழப்பு எனக்குத் தெரியாதா? நானும் வேலைக்குப் போனவதானே." மூச்சுக்காக நிறுத்தினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்கு மட்டும், இங்கேயே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் அன்னிக்கு உங்ககிட்ட சொன்னேனா, சொல்லலையா? எனக்கே இப்ப தெரியல. என் புத்தியே என்னை ஏமாத்துதோன்னு பயமா இருக்கு."

சிஸ்டர் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போய்விட்டாள்.

விசாரணை அறையில் தீர்ப்புச் சொல்கிற மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா பட்டுப்போன்ற குரலில், தன்னிடம் எந்தப் புகாரும் வரவில்லை, வந்திருந்தால் பார்க்காமல் விட்டிருப்பேனா என்றார். அடுத்து சிஸ்டரைக் கேட்டார்கள். உங்கள் நினைவில் என்ன இருக்கிறது?

சிஸ்டர் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, வக்கீலையும் பார்க்கவில்லை. பின்வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தாள். பதிலும் அவளிடமே சொன்னாள்.

"நீங்க சொன்னீங்க. இடது கால் மட்டும் வீங்குது, பின்சதை இழுக்குது, தூங்க முடியலைன்னு சொன்னீங்க. நான் உள்ள போய் டாக்டர்கிட்ட சொன்னேன். ரொட்டிக் கம்பெனிதானே, ரொட்டிக்கால்தான், பட்டையைக் குடுத்து அனுப்புன்னாங்க. ஒரு கால்தானேன்னு எனக்கு நெருடிச்சு. இன்னொரு தடவை கேக்கலாமான்னு நினைச்சேன். வரிசை நீளமா இருந்துச்சு. கேக்கல." குரல் உடைந்தது. "உங்க புத்தி சரியாத்தான் இருக்கும்மா."

கணவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. முன்னால் சாய்ந்து, முழங்கையை முட்டிமேல் ஊன்றி, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வழக்கு இழுபடவில்லை. கிளினிக் தரப்பே சமரசத்துக்கு வந்தது. மருந்துச் செலவுக்குக் கவலையில்லை என்கிற அளவுக்குத் தீர்ந்தது. ஜன்னலில் இப்போது காகிதத்தோடு பெட்டி தருகிறார்கள் என்று கேள்வி. டாக்டரம்மா மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. கணவன் சொன்னான். வீட்டு வாசலில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "நீ சொல்லித்தான் இருக்கே. நான்தான் காது குடுக்கல," என்றான். அவள் அவன் தோளில் ஒட்டியிருந்த செப்புத் தூளைத் தட்டிவிட்டாள். அந்த வீட்டில் அவ்வளவுதான் பேச்சு. பரணிலிருந்து துணிப்பையை இறக்கி, பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்திக்குக் கொடுக்கச் சொன்னதும் அந்த வாரம்தான். பையை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வர வெகுநேரம் ஆனது. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோ அக்கா வந்தாள். உள்ளே நுழையும்போதே பேச்சும் நுழைந்தது.

"பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க. இப்பல்லாம் எங்க மேசையில யாருக்கு ஒத்தைக் கால் வீங்கினாலும் துணி கட்ட விடறதில்லடி. நேரா ஆஸ்பத்திரிதான். மேஸ்திரி முறைக்கிறாரு. முறைச்சா முறைக்கட்டும், அவரு கண்ணு அவரு முறைக்கிறாரு. அன்னிக்கு நான் இறுக்கிக் கட்டினேனே, அந்தக் கையை வெட்டிப் போடலாமான்னு இருக்கு எனக்கு."

"அந்தக் கைதானேக்கா என் தலையைத் தாங்கிச்சு. சும்மா இருங்க."

ரேடியோ அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவளால் வெகுநேரம் அழ முடியாது, பேச வேண்டுமே.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த சிஸ்டர் எங்க கட்டடத்துக்குத்தான் குடிவந்திருக்கா. மூணாவது மாடி. அங்க வாடகை கம்மி பாரு. டாக்டரம்மா அன்னிக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாளாம். வேற எந்த கிளினிக்லயும் சேத்துக்கல. மொதலாளியைக் காட்டிக் குடுத்தவளை எவன் சேத்துக்குவான்? இப்ப ஊருக்கு அந்தக் கோடியில ஏதோ முதியோர் இல்லத்துல வேலை. விடிய முந்தி போனா விளக்கு வச்சப்புறம்தான் வர்றா."

சிட்டு கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல யாரு இருக்காங்க?"

"அவ அம்மா. படுத்த படுக்கை. நினைவும் தப்பிடுச்சு. பெத்த மகளையே யாருன்னு கேக்குது. ஊரான் அம்மாவுக்கெல்லாம் சோறு ஊட்டப் போறா, சொந்த அம்மா இங்க தனியா கிடக்குது. கட்டில் பக்கத்துல மத்தியானத்துக்குச் சோத்தைக் குழைச்சு மூடி வச்சுட்டுத்தான் போறா. கிழவிக்குத் தானா எடுத்துச் சாப்பிடணும்னே தோணாதாம். சாயங்காலம் வந்து மூடியைத் திறந்து பாத்துட்டு வச்சது வச்சபடி இருக்குன்னு அழுவா. கீழ எங்க வீடுவரைக்கும் கேக்கும். பகல்ல நாங்க யாரும் இருக்கிறதில்ல, எல்லாரும் வேலைக்குப் போறவங்க. இல்லேன்னா நானாவது எட்டிப் பாப்பேன். தீ கீ பிடிச்சா என்ன பண்றதுன்னு கதவைப் பூட்டறதுகூட இல்ல, சாத்தி வச்சுட்டுப் போறா."

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனாள். கணவன் கடைக்குப் போனான். உச்சி வெயில் ஏறுகிற நேரத்தில் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு ஆட்டோவில் கிளம்பினாள். எங்கே போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. முதல் மாடிக்கு ஏறி, படியிலேயே உட்கார்ந்தாள். முன்னால் சாய்ந்து மூச்சை ஊதினாள். எழுந்து இரண்டாவதுக்கு ஏறினாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் நெற்றியைச் சாய்த்து, அது தெளிகிறவரை நின்றாள். திரும்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. இறங்கினாலும் இதே படிகளைத்தானே இறங்க வேண்டும் என்று மேலே ஏறினாள்.

கதவு சாத்தித்தான் இருந்தது. ஒரே அறை. துவைத்த போர்வை, துடைத்த தரை, ஜன்னலுக்கு நேரே கட்டில். கட்டிலில் ஒரு கைப்பிடி உடம்பு. தலை திரும்பியது.

"யாரும்மா?"

"தெரிஞ்சவதான்மா."

"பசிக்குதுன்னு சொன்னேனே. யாருமே வரல."

"அதான் வந்துட்டேன்."

மூடியைத் திறந்தாள். பருப்பு சேர்த்துக் குழையக் குழைய வேகவைத்த சோறு. ஆறிப்போயிருந்தது. அடுப்பில் லேசாகச் சூடு காட்டினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முதியவளின் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தினாள். அதற்கே கொஞ்ச நேரம் இளைப்பாற வேண்டியிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் முதியவள் விழுங்கினாள். இவள் மூச்சு விட்டாள். இருவருக்கும் அவசரமில்லை.

"நீ என் மகளா?"

"உங்க மக வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வருவாங்க."

"நல்ல பொண்ணு அவ."

"ஆமாம்மா. ரொம்ப நல்லவங்க."

வாயைத் துடைத்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவள் யோசித்தாள். கழுவிவைத்தால் ஆள் வந்தது தெரிந்துவிடும். அதனால் கழுவாமல், அடியில் ஒட்டிய சோற்றோடு, கரண்டியையும் உள்ளேயே போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முதியவளுக்குக் கையெட்டுகிற இடத்தில் வைத்தாள். மூடியைக் கொஞ்சம் கோணலாகச் சாய்த்துவைத்தாள். பார்த்தால், முதியவளே எழுந்து உட்கார்ந்து, தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வைத்த மாதிரி இருந்தது. தலையணையைப் பழையபடி சரித்தாள். முதியவளுக்கு அதற்குள் கண் செருகிவிட்டது.

சத்தம் எழாமல் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பள்ளிக்கூடம் விடுவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

விளக்கு வைத்த பிறகு சிஸ்டர் வந்து அந்த மூடியைத் திறந்து பார்த்திருப்பாள். அன்று கீழே ரேடியோ அக்கா வீட்டுக்கு அழுகை கேட்கவில்லை.